கழுத்தில் கட்டிய வானொலி

எங்கள் கடை வானொலியில் அந்த டிக் டிக் சத்தம் முதன்முதலில் கேட்டது ஓர் ஆட்டின் கழுத்திலிருந்துதான். புலி பிறகுதான் வந்தது.

மலாக்கா டவுனில், காஜா பெராங் சடக்கு என்ற சாலையோரத்தில் என் வீட்டுக்காரர் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேசையை அடைத்துக்கொண்டு கிடந்த வால்வு வானொலிகள் போய், கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற டிரான்சிஸ்டர் வந்துகொண்டிருந்த காலம். கடை அவருடையது என்றுதான் பலகை சொல்லும். ஆனால் உள்ளே வைக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றுவது நான். மயிரிழைக் கம்பியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் குச்சியில் சுற்ற வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாதியிலேயே கம்பியை அறுத்துவிட்டு, கம்பி சரியில்லை என்பார். எனக்கு வாய் நீளம், கை நிதானம் என்று என் அக்கா சொல்வாள். வாயைப் பற்றி அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் மலாக்காச் செட்டிகளின் வீடுகள். பார்க்க நம்மைப் போலவே இருப்பார்கள். கோயில் உண்டு, திருநீறு உண்டு, வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அந்தச் சந்தில் ஒரு வீட்டுத் தம்பி, காட்டு விலங்குகளைக் கவனிக்கும் அரசாங்க வேலையில் இருந்தார். புலி என்றால் அவருக்கு உயிர். என்னை 'காக்' என்பார், என் வீட்டுக்காரரை 'அபாங்' என்பார். அக்கா, அண்ணன் என்று நாம் சொல்வது போல. அவர் எங்களோடு பேசியதெல்லாம் மலாயில்தான். இத்தனை வருஷத்தில் என் நினைவுக்குள் அது தமிழாகிவிட்டது.

ஒருநாள் தம்பி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். காட்டு மிருகத்தின் கழுத்தில் குட்டி வானொலி ஒன்றைக் கட்டிவிட்டு, அது எங்கே போகிறது, எங்கே படுக்கிறது என்று தூரத்திலிருந்தே கேட்கிறார்களாம்.

"அபாங், இதை நீங்க செய்ய முடியுமா? பேசவெல்லாம் வேணாம். டிக் டிக்குனு சத்தம் போட்டாப் போதும்."

என் வீட்டுக்காரருக்கு இப்படி யாராவது கேட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். காது கேளாதவர்கள் வைத்துக்கொள்ளும் கருவியின் பேட்டரி, மொச்சைக்கொட்டை அளவில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் துண்டு, நான் சுற்றிய காயில், எல்லாவற்றையும் மெழுகில் முக்கி, மாட்டு வண்டிக்காரரிடம் வாங்கிய தோல் வாரில் வைத்துத் தைத்தார். கடையில் வந்த மற்ற வேலையெல்லாம் ஒரு மூலையில் தூசி படிந்தது. புலிக்கு முன்னால் எதற்காவது கட்டிப் பார்க்க வேண்டுமே? தம்பியின் அம்மா வளர்த்த வெள்ளாட்டின் கழுத்தில் கட்டினோம்.

அன்று மாலை தமிழ் ஒலிபரப்பில் பாட்டு ஆரம்பித்ததும் தெருவே எங்கள் கடைக்கு வந்துவிட்டது. எல்லார் வீட்டு வானொலியிலும் பாட்டுக்கு நடுவே டிக் டிக். முதலில் வந்தது தம்பியின் அம்மாதான். கையில் டிரான்சிஸ்டர், முகத்தில் எரிச்சல்.

"என் ரேடியோவுக்குள்ள யாரோ உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறான். வந்து வெளியே தள்ளுங்க!"

தப்பு எங்கே என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கடையில் எதைச் சரிசெய்தாலும் தமிழ்ப் பாட்டு கேட்கிறதா என்று பார்த்துத்தான் சரி என்போம். கடை வானொலியின் ஊசி வேறு இடத்துக்கு நகர்ந்ததே இல்லை. அதே பழக்கத்தில் இந்தக் கருவியையும் தமிழ் ஒலிபரப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் மனிதர். "பழக்கதோஷம்" என்று தலையைச் சொறிந்தார். அந்த அம்மாவிடம் ஆடுதான் பல்லைக் கடிக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் அவரிடம்தான் நாங்கள் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டோம். மறுநாள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. டிரான்சிஸ்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தேடக் கிளம்பிய அம்மா, பெட்டியைத் திருப்பினால் ஒரு பக்கத்தில் சத்தம் செத்துப்போவதைக் கவனித்தார். பெட்டியின் முனை அப்போது எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தத் திசையில் ஆடு. நடக்க நடக்கச் சத்தம் கூடினால் நெருங்குகிறோம், குறைந்தால் விலகுகிறோம். கோயிலுக்குப் பின்னால் புதரில் நின்ற ஆட்டை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது தெருவே கைதட்டியது. பிறகு கொஞ்ச நாள் காஜா பெராங்கில் அதுதான் விளையாட்டு. ஆடு எங்கே போனாலும் பின்னால் ஒரு கூட்டம் வானொலியைத் திருப்பிக்கொண்டே போகும். ஆட்டுக்கே சலித்துவிட்டது.

இந்தக் கூத்தை என் அக்காவும் பார்த்தாள்.

என் அக்கா மலாக்காவுக்கு வடக்கே, காட்டை ஒட்டிய ஒரு கித்தா தோட்டத்தில் இருந்தாள். ரப்பரைத்தான் நாங்கள் கித்தா என்போம். மரத்தைக் கத்தியால் சீவிப் பால் எடுப்பது அவள் வேலை. அவள் சீவக் கொடுத்திருந்த மர வரிசை, அதைத்தான் நிரை என்போம், காட்டின் ஓரமாகவே ஓடியது. ஒரு பக்கம் வரிசையாக மரங்கள், மறுபக்கம் காடு. வெயில் ஏறிவிட்டால் பால் நின்றுவிடும் என்பதால், விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகப் போவாள். ஓய்வு நாளில் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் மசாலைச் சாமானும் பிள்ளைகளுக்குத் துணியும் வாங்கிக்கொண்டு, எங்கள் கடையில் வந்து பசியாறிவிட்டுப் போவாள். நான் காயில் சுற்றும்போது எதிரே உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்வதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

அந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை. வந்ததும் சொன்னாள்.

"நெரையில பெரியவரைப் பாத்தேன்டி."

தோட்டத்தில் யாரும் புலி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்ணைப் பார்த்ததாகவும், கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டதாகவும், அது அவளைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் வடிகாலைத் தாண்டிப் போனதாகவும் சொன்னாள். அதற்கு முன்பே லயத்தில், தோட்ட ஜனங்களின் வரிசை வீடுகளில், மாடுகள் ஒவ்வொன்றாகப் புலிக்குப் போய்க்கொண்டிருந்தன. காட்டோர நிரைக்குப் போகமாட்டோம் என்று ஜனங்கள் சொல்லிப் பார்த்தார்கள். போகாவிட்டால் அன்றைய வருகைப் பதிவில் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் கூலி இல்லை. போனார்கள்.

"ஒரு தடவை விட்டுருச்சு. அடுத்த தடவையும் விடுமா?" என்று கேட்டாள் அக்கா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.  இங்கேயே டவுனுக்கு வந்துவிடு, பக்கத்தில் உஜோங் பாசிரிலோ செமாபோக்கிலோ ஏதாவது வீட்டுவேலை பார்க்கலாம் என்றேன். "இன்னொருத்தி வீட்டுப் பானையைக் கழுவவா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

அதற்குச் சில நாள் கழித்துத் தோட்டத்தில் வைத்த மரக்கூண்டில் புலி விழுந்தது. பெண்புலி. தோட்டத்தை நடத்தும் துரை துப்பாக்கியோடு நின்றார். எங்கள் தம்பி தகவல் கிடைத்து ஓடிப்போய், சுடாதீர்கள், கழுத்தில் வாரைக் கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுகிறேன், அது எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். துரை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். புலியை விட்டபிறகும் காட்டோர நிரைக்குப் போக ஆட்கள் சம்மதித்தால் விடலாம். இல்லையென்றால் கூண்டிலேயே சுட வேண்டியதுதான். இரண்டு நாள் தவணை.

லயத்து ஜனங்கள் தங்கள் சார்பில் பேச என் அக்காவைத்தான் அனுப்பினார்கள். அவளுக்கு வாய் உண்டு. எங்கள் வீட்டு வாய். மறுநாள் பிற்பகலில் அவளும் தம்பியும் எங்கள் கடை மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தத் தோல் வார். நான் கோப்பி கலந்து வைத்தேன். யாரும் தொடவில்லை.

"காக், முதல்ல காயில்ல சுத்தைக் குறைங்க" என்றார் தம்பி என்னிடம். "ஊசி ஓடுற கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தச் சத்தம் போயிரணும். அங்க கேக்குற ரேடியோ எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஊர் ரேடியோவுல விழுந்தா ஆட்டைத் தேடுன மாதிரி ஆள் ஆளுக்குத் தேடிக்கிட்டுப் போவாங்க. புலித்தோலுக்கு அலையறவங்க எத்தனை பேரு தெரியுமா?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். இருட்டுல நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நெரைக்குப் போறது நீங்களா, நானா?"

"நீங்கதான். ஆனா..."

"அது எங்க இருக்குன்னு உங்க பெட்டிக்குத் தெரியும். நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியும், நெத்தி விளக்கே காட்டிக்குடுத்துரும். ஒண்ணும் தெரியாதவ நான் ஒருத்திதானா? நல்லாருக்கே நியாயம்!"

தம்பி முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. புலி ஒரு ராத்திரியில் எவ்வளவு தூரம் நடக்கிறது, தோட்டத்துக்கு எப்போது வருகிறது என்று யாருக்குமே தெரியாது, தெரியாததால்தான் மாடு செத்ததும் சுடு என்கிறார்கள் என்றார். "இது காட்டுக்குள்ளதான் கிடக்குது, இங்க வர்றதே அபூர்வம்னு நான் காட்டிட்டா, சுடாதீங்கன்னு சொல்ல எனக்கு ஒரு வாய் கிடைக்கும், காக். இப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"எங்களையும் இப்படித்தான் பாத்துக்கிட்டாங்க" என்றாள் அக்கா. அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, கேட்டில் நிறுத்தி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இடுப்பில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறார்களா என்று தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விட்டார்கள். "எங்க போறே, எப்ப வருவேன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்னாங்க. எனக்கு என்னா நல்லது ஆச்சு? அதே நெரை, அதே கத்தி."

என் வீட்டுக்காரர் வாரைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "மாட்டுக்குக் கட்டுனாலே கழுத்து புண்ணாகுது. மாடுன்னா மருந்து போடுவோம். இதுக்கு அரிச்சா யாரு சொறிஞ்சுவிடுவா?"

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் நல்ல சட்டை போட்டவர்கள் உட்கார்ந்து இதையே பேசுகிறார்கள். புலிக்கு வார் கட்டுவது பாதுகாப்பா தொல்லையா, அது இருக்கும் இடம் திருடர்களுக்குத் தெரிந்துவிடாதா, பக்கத்தில் வாழும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று நீட்டி முழக்குகிறார்கள். கோப்பி ஆறிப்போன அந்தப் பிற்பகலில் எங்கள் மேசையில் பேசாத எதையும் இன்னும் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தம்பி சொல்வதும் சரி, அக்கா சொல்வதும் சரி. இரண்டு பேரில் ஒருவராவது முட்டாளாக இருந்தால் எவ்வளவு சுலபம்! மூன்று பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காயிலில் சில சுற்றுகளைப் பிரித்தெடுத்தால் அந்தச் சத்தம் தம்பி ஒருவருக்குச் சொந்தம். அப்படியே விட்டால் ஊருக்கே சொந்தம்.

"தம்பி, லயத்து ஆளுங்க ஒத்துக்கலைன்னா துரை என்ன செய்வாரு?" என்று கேட்டேன்.

"சுட்டுருவாரு."

"அப்புறம் ஒங்க ரகசியப் பெட்டியில எதைக் கேப்பீங்க?"

தம்பி ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அக்காவைப் பார்த்து, "நீங்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்குங்க. ஆனா வெளியாளுக்குச் சொல்லிராதீங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். சுற்றைப் பிரிக்காமல் காயிலின் முனையை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

கட்டுகிற அன்று நானும் தோட்டத்துக்குப் போனேன். என் காயிலை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. கூண்டுக்குள் புலியைக் கம்பில் கட்டிய ஊசியால் மருந்தேற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். பயமாக இருந்தது, ஆனால் பயத்தை மீறி ஒரு வெட்கம் வந்தது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் அறைக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டது போல. மூச்சுவிடும்போது விலா ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் வாருக்கும் கழுத்துக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்து, ஒரு துளை தளர்த்தினார். "இறுக்காதீங்க, இறுக்காதீங்க" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

கூண்டைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் லோரிக்குள் இருந்தபடியே, மருந்து தெளிந்து அவள் எழுந்து, ஒருமுறை தலையை உதறிவிட்டுக் காட்டுக்குள் போனதைப் பார்த்தோம். மடியில் இருந்த டிரான்சிஸ்டரில் டிக் டிக் குறைந்து குறைந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சில வாரங்கள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். எங்கள் கடையில் இருந்த பழைய டிரான்சிஸ்டரை அக்காவிடம் கொடுத்திருந்தோம். விடியற்காலையில் ஒலிபரப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் நிரை முனையில் எல்லாரும் மூச்சுக்காட்டாமல் நிற்க, அவள் பெட்டியைக் காதோரம் வைத்து மெல்லச் சுற்றுவாளாம். சத்தம் இல்லை என்றால் பெரியவர் கிட்டே இல்லை, போகலாம். ஒரே ஒரு நாள் டிக் டிக் கேட்டது. எல்லாரும் திரும்பி லயத்துக்கு வந்துவிட்டார்கள். பெயர் பதியும் கணக்குப்பிள்ளை, கிராணி, கத்தியிருக்கிறார். அக்கா பெட்டியை அவர் காதில் வைத்துவிட்டு, "நீங்க வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்கய்யா" என்றாளாம். கிராணி அன்றைக்குப் பெயரை வெட்டவில்லை.

"ஒரு மாசமா நான் பயமில்லாமத் தூங்கறேன்டி" என்றாள் ஓர் ஓய்வு நாளில். "அவளும் பாவம், காட்டை விட்டு வர்றதே இல்ல. ஒன் தம்பி சொன்னது சரிதான்." தம்பியும் கடைக்கு வரும்போதெல்லாம் சிரித்த முகமாகவே வந்தார். அவர் புலி எங்கே படுக்கிறது, எந்த ஆற்றில் தண்ணீர் குடிக்கிறது என்றெல்லாம் சொல்வார். நாங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் செய்தி கேட்பது போலக் கேட்போம்.

பிறகு ஒரு மத்தியானம். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவே டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு டிக்.

என் கை நின்றது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஆட்டின் கழுத்தில் இருந்த வார்தான் இப்போது புலியின் கழுத்தில் இருக்கிறது. காஜா பெராங்கில் அந்தச் சத்தம் தெரியாத வீடு கிடையாது. அது இப்போது யார் கழுத்தில் இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த நிமிஷம் தெருவில் ஒரே அமளி. "ஹரிமாவ்! ஹரிமாவ்!" புலி, புலி என்று தம்பியின் அம்மா அலறிக்கொண்டே ஆட்டைத் தூக்கி வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். எதிர்வரிசையில் பலகைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. ஒருவர் சைக்கிளை நடுத்தெருவில் போட்டுவிட்டு எங்கள் கடைக்குள் பாய்ந்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவள் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படித்தான் தோன்றியது.

என் வீட்டுக்காரர் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினார். சத்தம் செத்த இடத்தில் நிறுத்தினார். பெட்டியின் முனை சடக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி திருப்பினார். டிக் டிக் ஏறிக்கொண்டே வந்தது. பாட்டை விழுங்கிவிட்டது.

லோரி ஒன்று மெதுவாகத் திரும்பி வந்தது. ஊருக்குக் காட்டுவதற்காகவே மெதுவாக ஓட்டினார்கள். பின்பக்கப் பலகையைத் திறந்துவிட்டு, அதன்மேல் அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலை வெளியே தொங்கியது. கழுத்தில் எங்கள் வார். முன்னால், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல வசதியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. அதுவும் டிக் டிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சற்றுமுன் அலறியவர்களே சிரித்துக்கொண்டு ஓடிவந்து லோரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் லோரிக்கு முன்னால் நின்றேன். மலாயிலும் தமிழிலும் வாயில் வந்ததெல்லாம் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

"அந்த வார் என்னுது. கழட்டிக் குடு!"

அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது இல்லேன்னா எனக்குப் புலியே கிடைச்சிருக்காதும்மா" என்று நல்ல தமிழில், மரியாதையாகத்தான் சொன்னார். ஆளை விட்டுக் கழற்றச் சொல்லி என் கையில் கொடுத்தார். அவருக்கு அது தேவைப்படவில்லை. அவருக்குத் தேவையானது பின்னால் கிடந்தது.

கடைக்குள் கொண்டுவந்தேன். அது நிற்காமல் டிக் டிக் என்றுகொண்டே இருந்தது. நிறுத்த வேண்டுமானால் மெழுகைக் கீறிப் பேட்டரியைப் பிடுங்க வேண்டும். ஆயிரம் காயில் சுற்றிய என் கையில் கத்தி இரண்டு தடவை வழுக்கியது. கடைசியில் என் வீட்டுக்காரர் வாங்கி நிறுத்தினார். பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் அழுதேன். சைக்கிளை நடுத்தெருவில் போட்டவர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மாலையில் தம்பி வந்தார். வாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்கு மட்டும் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"கூண்டுலயே செத்திருப்பா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, ரகசியமாக இருந்தால்தானே காட்டிக்கொடுக்க? லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, லயத்துக்கு மீன் விற்க வருகிறவருக்குத் தெரிந்தது, அவர் போகிற இடமெல்லாம் தெரிந்தது. தம்பி வாரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா நிம்மதியாக இருப்பாள் என்றுதான் நினைத்தேன். புலி செத்துவிட்டது, இனி அவளுக்கு என்ன? அடுத்த ஓய்வு நாளில் வந்தாள். வழக்கமான கிண்டல் இல்லை. கோப்பியை வைத்தேன்.

"லயத்து வாசல்ல இருந்து நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சுடி" என்றாள்.

"எது?"

"இன்னொண்ணு. அவ இருந்த வரைக்கும் கிட்ட வராம இருந்துச்சோ என்னவோ. அவ இடம் காலியாச்சு, இது வந்திருச்சு. வடிகாலோரம் மிதிச்சிருக்கு, காலடி இம்மாம் பெரிசு." கையை விரித்துக் காட்டினாள். "நானும் தெனம் பெட்டியை வச்சுச் சுத்திப் பாக்கறேன். ஒண்ணும் கேக்கல. முன்னெல்லாம் ஒண்ணும் கேக்கலேன்னா நிம்மதியாப் போவோம். இப்ப ஒண்ணும் கேக்கலேன்னா ஒண்ணும் கேக்கல, அவ்வளவுதான். காட்டுல நம்ம காதுக்கு எட்டுனவ அவ ஒருத்திதான்டி. அவளைப் போயி சுட்டானுங்க."

 இன்னொரு கருவி செய்து தருகிறேன் என்றேன். எதன் கழுத்தில் கட்டுவாய், யார் வந்து கட்டுவார் என்று கேட்டாள்.  நிரையை மாற்றிக் கேள் என்றேன். "நான் மாறுனா அங்க இன்னொருத்தி நிப்பா" என்றாள்.

பிறகு, "அந்த வார் எங்கடி?" என்றாள்.

கழுவிக் காயவைத்து ஆணியில் மாட்டியிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அக்கா தன் பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்து, அதன் கைப்பிடிக்குள் வாரை நுழைத்துக் கொக்கியை மாட்டித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பெட்டி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கத்திக்கு ஒரு கை, வாளிக்கு ஒரு கை. கையில பிடிச்சுக்க முடியல" என்றாள். "இப்படிப் போட்டுக்கிட்டா நல்லா உரக்க வச்சுக்கலாம். பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் வெறும் இரைச்சல்தான் வரும். பரவால்ல, மனுஷச் சத்தம்னு அது ஒதுங்கிப் போக அதுவும் போதும்."

"உரக்க வச்சா அது எங்க இருக்குன்னு ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாட்டிப் போவுது" என்று விசையை முழுக்கத் திருகினாள். கடை அதிர்ந்தது. அவள் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியட்டும்."

பாட்டைக் குறைக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.